விறகுக்குப் போன கால்

1

என் கணவர் யோகனின் கால் சட்டப்படி சுவிஸுக்கு வெளியே போனது. இடுப்பு சுவிஸுக்குள் போனது. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள எங்களுக்கு நெடுங்காலம் எடுத்தது.

அங்கவீனமானவர்களுக்கான அரச காப்புறுதியை இங்கே இரண்டு ஜெர்மன் எழுத்தால் ‘ஈஃபவ்’ (IV) என்பார்கள். இந்த நாட்டுக்கு வந்து, வேலை செய்து, சந்தா கட்டிய பிறகு உடம்புக்கு ஏதும் நடந்தால்தான் அதில் ஓய்வூதியம் உண்டு. யோகன் விமானத்திலிருந்து இறங்கும்போதே வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்தான். ஆகவே அது கணக்கில் வராது. லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில், அந்தக் காலில் நின்றபடியே இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்ததில் இடுப்பும் முதுகும் தேய்ந்துபோயின. அது கணக்கில் வரும். அரை ஓய்வூதியம் கொடுத்தார்கள். இதை விளக்கிய அலுவலகப் பெண் நல்லவள். நாங்கள் கோபப்படுவோம் என்று பயந்தாளோ என்னவோ, இரண்டு தரம் மெதுவாகச் சொன்னாள். இவர் சிரித்துவிட்டு, இடுப்புக்காவது மதிப்பிருக்கிறதே என்று வெளியே வந்து சொன்னார்.

ஓய்வூதியத்தோடு ஓர் அட்டையும் வந்தது. நீச்சல் குளம், அருங்காட்சியகம், கூடாரம் அடித்துத் தங்கும் சில தலங்கள் போன்ற இடங்களில் காட்டினால் கட்டணத்தைக் குறைப்பார்கள். அட்டையில் அங்கவீனர் என்பதற்கு ஜெர்மன் மொழியில் ‘இன்வலீட்’ என்ற சொல் இருந்தது. யோகன் அதை ஒரு தரம் வாசித்துவிட்டு, பழைய கடவுச்சீட்டுகள் இருக்கும் மேசை லாச்சிக்குள் போட்டார். அது அங்கேயே கிடந்தது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். இங்கே எங்கள் ஆட்களுக்குள் ஒரு காலில்லாத ஆண் என்றால், அவர் இயக்கத்தில் இருந்தவர்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைப்பார்கள். கார்த்திகையில் மாவீரர்களுக்கு விளக்கேற்றும் நாளுக்கு மண்டபத்துக்குப் போனால், யாராவது வந்து இவரை முன்வரிசைக்குக் கூப்பிடுவார்கள். இவர் பின்னால் போய், கதிரை அடுக்குகிறவர்களோடு நிற்பார். நான் இயக்கத்தில் இருக்கவில்லை, மிதிவெடியில் போனது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். அவர்கள் குரலைத் தாழ்த்தி, “விளங்குது அண்ணை, விளங்குது” என்பார்கள். சொல்லமுடியாத பெரிய பொறுப்பில் இருந்திருக்கிறார் என்று அடுத்த வருடம் கதை இன்னும் வளர்ந்திருக்கும். பிறகு அவர் சொல்வதையே விட்டுவிட்டார்.

எங்கள் மகள் ஆரணிக்குப் பதினேழு வயது. அவள் இந்தக் கதைக்குள்தான் வளர்ந்தாள். மிதிவெடி என்று நாங்கள் அவளுக்கும் சொல்லியிருந்தோம். ஆனால் மண்டபத்தில் ஆட்கள் தகப்பனைப் பார்த்து எழும்பி நிற்பதையும் அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்தாள். எதை நம்பினாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் எங்களோடு தமிழில் கதைப்பது குறைந்துகொண்டு வந்தது. கேட்டால் விளங்கும், பதில் சுவிஸ் ஜெர்மனில் வரும். இங்கே வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் என்று நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சலவையறையில் மற்றத் தமிழ்ப் பெண்களும் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் அவளாக வந்து, மூன்று பேருமாகக் கூடாரம் அடித்துத் தங்கப் போவோம் என்று கேட்டாள். அவளுடைய வகுப்பில் எல்லோருடைய குடும்பமும் போகுமாம். நாங்கள் மட்டும் விடுமுறை என்றால் சூரிச்சுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறோமாம்.

யோகன் உடனே சம்மதித்தார். எனக்குத்தான் யோசனை. ஈரப் புல், பொதுக் குளியலறை, நிலத்தில் படுக்கை. இரவில் காலைக் கழற்றி வைத்தால் எப்படி எழும்புவார்? ஆரணி இணையத்தில் தேடி, ஈஃபவ் அட்டைக்குக் கட்டணம் குறைக்கிற ஒரு தலத்தைத் தூண் என்ற ஏரியின் கரையில் கண்டுபிடித்தாள். அங்கே கழிவறைக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு நிலம் தருவார்களாம். அட்டையை லாச்சியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். அவர் அதை வாங்கி, மறுபேச்சில்லாமல் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

3

தலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வரவேற்பறையில் வரிசை நின்றது. எங்களுக்கு முன்னால் உயரமான, வெள்ளைத் தாடி வைத்த ஒரு மனிதர். அரைக் காற்சட்டை போட்டிருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே வெறும் உலோகத் தண்டு, அதற்குக் கீழே சப்பாத்து. மூடி மறைக்கவில்லை. யோகன் எந்த வெயிலிலும் நீளக் காற்சட்டைதான். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த உலோகத் தண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் அமெரிக்கர், பெயர் டேல் என்று பிறகு தெரிந்தது. தான் ஓர் அங்கவீன ‘வெட்டரன்’, முன்னாள் படைவீரர், அதற்குத் தள்ளுபடி உண்டோ என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பிள்ளை யன்னலால் வெளியே எட்டிப் பார்த்தாள். அவருடைய வாகனம் எந்த வருடத்து வாகனம் என்று கேட்டாள். அவர் விளங்காமல் நின்றார். சுவிஸில் முப்பது வருடம் தாண்டிய பழைய கார்களைத்தான் ‘வெட்டரான்’ என்பார்கள். வெளியே நின்றதோ வாடகைக்கு எடுத்த, உள்ளேயே படுத்துறங்கக்கூடிய புத்தம் புதுக் குடில் வண்டி. இது வெட்டரான் இல்லை என்று அவள் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொன்னாள்.

ஆரணி சிரிப்பை அடக்கிக்கொண்டு இடையில் புகுந்தாள். அவருக்கு ஆங்கிலத்திலும் பெண்ணுக்குச் சுவிஸ் ஜெர்மனிலும் விளங்கப்படுத்தினாள். அமெரிக்காவில் அவருடைய மாநிலத்தில் அரச பூங்காக்களுக்குள் கூடாரம் போட, படையில் காயப்பட்டவர்கள் வாசலில் அட்டையைக் காட்டினால் போதுமாம், பாதிக் காசுதானாம். இங்கே அப்படி இல்லை, சுவிஸ் ஈஃபவ் அட்டைக்கு மட்டும்தான் என்று பெண் சொன்னாள். பரவாயில்லை, கேட்டுப் பார்த்தேன் என்று சிரித்துக்கொண்டு டேல் முழுக் காசையும் கட்டினார்.

அடுத்தது நாங்கள். யோகன் அட்டையை எடுத்துக் கொடுத்தார். பெண் பார்த்தாள், கட்டணத்தைக் குறைத்தாள். அவ்வளவுதான். நான் பயந்த மாதிரி யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, டேலைத் தவிர. அவர் கதவடியில் நின்று இவருடைய நடையைப் பார்த்திருக்கிறார். ஒரு காலில்லாதவருக்கு இன்னொருவருடைய நடை தெரியாமல் இருக்குமா? கிட்ட வந்து, தன் உலோகத் தண்டைத் தட்டி, இவருடைய காலைக் காட்டிக் கேட்டார்.

யோகனுக்கு ஆங்கிலம் சில சொற்கள்தான் வரும். எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்தது போதுமான அளவுக்கு விளங்கும். ஆரணி சொன்னாள்: “அப்பா, எந்தப் படையில இருந்தனீங்களெண்டு கேக்கிறார்.”

“ஒண்டிலயும் இல்லையெண்டு சொல்லு, பிள்ளை. விறகு பொறுக்கப் போன இடத்தில மிதிவெடி.”

ஆரணி டேலின் உலோகத் தண்டைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், அவர் எங்கள் மக்களுக்காகப் போராடியவர், அதைப் பற்றிக் கதைக்க அவருக்கு விருப்பமில்லை என்றாள்.

டேல் நிமிர்ந்து நின்றார். கையை நெற்றியில் வைத்து இவருக்கு மரியாதை செய்தார். யோகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளைக்காரர்கள் சிலர் இப்படித்தான் விடைபெறுவார்களாக்கும் என்று நினைத்து, தானும் கையை உயர்த்தினார்.

நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றார்கள், கூடாரத்துச் சாமான்கள் இன்னும் இறக்கப்படவில்லை. பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

4

கூடாரம் யோகனின் சக தொழிலாளி ஒருவரிடம் இரவல் வாங்கியது. அதை நிமிர்த்துவதற்குள் பின்னேரமாகிவிட்டது. பக்கத்தில் ஒரு சுவிஸ் குடும்பம். குப்பையை எந்தத் தொட்டியில் எப்படிப் பிரித்துப் போடுவது, எத்தனை மணிக்குப் பிறகு சத்தம் போடக் கூடாது என்பதையெல்லாம் நாங்கள் கேட்காமலே சொல்லித்தந்தார்கள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன கோழிக்கறியைச் சூடாக்கினேன். யோகன் ரொட்டி சுட்டார். ஏரி பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. ஆரணி பல நாட்களுக்குப் பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு இருந்தாள்.

அப்போது டேல் பாத்திரம் கழுவப் போகிற வழியில் எங்களைக் கடந்து போனார். இவரைப் பார்த்து, “குட் ஈவினிங், சோல்ஜர்” என்றார்.

அந்த ஒரு சொல் எந்த ஈழத்தமிழனுக்கும் விளங்கும். யோகன் ரொட்டியைப் புரட்டிவிட்டு மகளைப் பார்த்தார்.

“ஏன் உவர் என்னை அப்பிடிச் சொல்லுறார்?”

அவள் கோப்பையில் இருந்த கறியைக் கிளறினாள்.

“நீ என்ன சொன்னனி?”

“எல்லாரும் நினைக்கிறதைத்தான் சொன்னனான்.”

அவர் அடுப்பை அணைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். அவள் முதலில் சுவிஸ் ஜெர்மனில் தொடங்கினாள். பிறகு, அதை நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னாள். அந்த மனிதர் தன் காலை வெளியே காட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். அவருக்கு முன்னால் விறகு பொறுக்கப் போனார் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம். வகுப்பிலும் அவள் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாளாம். போராடப் போய்க் கால் போனது என்றால் ஆட்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். சும்மா போனது என்றால் பாவம் என்பார்கள்.

“ஏன் விறகு? சமைக்கவோ?” என்று கேட்டாள்.

“தேத்தண்ணி வைக்க. வீட்டில ஒரு சுள்ளியும் இல்லை.”

“தேத்தண்ணிக்கோ, அப்பா?”

அவள் அதைக் கேட்ட விதம் எனக்குச் சுட்டது. ஏளனமில்லை, அவ்வளவுக்குத்தானா என்ற ஏமாற்றம். யோகன் ரொட்டித் தட்டை மூடி வைத்தார். பிறகு சொன்னார்:

“உண்மையாப் போராடிச் செத்தவங்கள் எத்தினை பேர். அவங்கட பேரை நான் எடுக்கேலாது, பிள்ளை. மண்டபத்தில பின்னுக்குப் போய் நிண்டதும் அதுக்குத்தான். காலையில வா, அந்த மனிசனிட்டச் சரியாச் சொல்லுவம்.”

அவள் வரமாட்டேன் என்றாள். கழுவாத கோப்பையை அப்படியே விட்டுவிட்டுக் கூடாரத்துக்குள் போய் வாசல் ஸிப்பை இழுத்து மூடிவிட்டாள்.

5

காலையில் யோகன் தனியாகவே போனார். நானும் ஆரணியும் எங்கள் கூடாரத்து வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டேலின் வண்டி நாலைந்து கூடாரம் தள்ளி நின்றது. அவர் வெளியே மடக்குக் கதிரையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

யோகன் முன்னால் போய் நின்று, தன் நெஞ்சைத் தொட்டு, “நோ சோல்ஜர்” என்றார். பிறகு காலைத் தொட்டு, “வூட்” என்றார். விறகுக்கு அவரிடம் இருந்த ஒரே ஆங்கிலச் சொல் அது.

டேல் புருவத்தை உயர்த்தினார். குனிந்து இவருடைய காலைக் காற்சட்டைக்கு மேலால் விரல் மடித்துத் தட்டிப் பார்த்தார். இது மரக்கால் இல்லையே, நல்ல கால்தானே என்று சொல்லியிருக்க வேண்டும். யோகன் தலையை ஆட்டி, மறுபடி “வூட், வூட்” என்றார். டேல் எழும்பிப் போய், தன் வண்டிக்குப் பக்கத்தில் கிடந்த அடுப்பு விறகில் இரண்டு கட்டைகளை எடுத்து வந்து இவருடைய கையில் கொடுத்தார். யோகன் கட்டைகளை வாங்கிக்கொண்டு திகைத்துப்போய் நின்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் ஆரணியைப் பார்த்தேன். அவளுடைய கண் கலங்கியிருந்தது. சப்பாத்தும் போடாமல் புல்லுக்குள்ளால் நடந்து போனாள். நானும் பின்னால் போனேன்.

அவள் டேலிடம் முதலில் தன் பிழையைச் சொன்னாள். அப்பா சொன்னதை நேற்று மாற்றிச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றாள். பிறகு தகப்பனைப் பார்த்து, சொல்லுங்கோ என்றாள்.

அவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். ‘அவர் போனார்’ என்று தொடங்கியவள், இரண்டு மூன்று வசனத்துக்குப் பிறகு தன்னை அறியாமல் ‘நான் போனேன்’ என்று சொல்லத் தொடங்கினாள். அவள் சொன்னது இதுதான்: நாங்கள் இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பி வந்திருந்தோம். எனக்குப் பத்தொன்பது வயது. தேத்தண்ணிக்கு விறகில்லை. வளவுக்குப் பின்னால் பற்றைக்குள் காய்ந்த பனைமட்டை கிடந்தது. மிதிவெடி இருக்கிற இடமென்று கயிறு கட்டியிருந்தார்கள், அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று தெரியும். பத்து அடிதானே என்று போனேன்.

டேல் குறுக்கிடாமல் கேட்டார். இரக்கப்படுகிற சத்தம் எதுவும் போடவில்லை. முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். அங்கே இன்னும் வெடி இருந்திருக்குமே, உன்னை எடுக்க உள்ளே வந்தது யார்?

இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அவர் சொல்லியிருந்தார், அதோடு விட்டுவிட்டேன்.

“சின்னமணி அக்கா,” என்றார் யோகன்.

எனக்குப் பெயர் தெரியும். ஊரில் அடுத்த வளவுக்காரி. பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும் இவர் தவறாமல் போனில் கதைக்கிற ஒரு மனுஷி. பழக்கத்துக்குக் கதைக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

சனம் முழுக்கக் கயிற்றுக்கு வெளியே நின்றதாம். ஒன்று வெடித்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்ததால் இவருடைய காலடிகள் பதிந்திருந்தன. சின்னமணி அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த அடிகளுக்கு மேலேயே தன் காலை வைத்து வந்தாராம். வழி முழுக்க இவரை ஏசிக்கொண்டு வந்தாராம். கமக்கட்டுக்குள் கைகொடுத்துப் பிடித்து, அதே அடிகளால் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாராம்.

டேல் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அவருக்கு உங்கள் நாடு என்ன கொடுத்தது என்று கேட்டார். ஆரணி மொழிபெயர்த்தாள்.

யோகன் சிரித்தார். “அவவுக்கு ஆர் என்ன குடுக்கிறது.”

அதன் பிறகு கதை வேறு பக்கம் போனது. டேல் கோப்பி ஊற்றித் தந்தார். ஈரப் புல்லில் எப்படிச் சமாளிக்கிறாய், குளிக்கும்போது எதில் இருக்கிறாய், காலின் வெட்டின முனை வெயிலில் புண்படுகிறதா என்று கேட்டார். ஆரணிக்கு அந்த முனைக்குத் தமிழ்ச் சொல் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, வீட்டில் நாங்கள் அதைப் பெயர் சொல்லிக் கதைத்ததே இல்லை. யோகன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, காலைக் கழற்றிக் காட்டினார். ஆட்கள் துவாயோடு ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த வழியில், பட்டப்பகலில். இரண்டு பேரும் இரண்டு காலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முனைக்கு மேல் போடும் உள்ளுறை எது நல்லது, எது வேர்க்கும் என்று பார்த்தார்கள். ஆரணி நடுவில் இருந்து ஒவ்வொன்றையும் மாற்றிச் சொன்னாள்.

டேலுடைய கால் எங்கே, எப்படிப் போனது என்று நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாட்களுக்குப் பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

6

எங்கள் கூடாரத்துக்குத் திரும்பியதும் ஆரணி, அந்த மாமி இருக்கிறாவோ என்று கேட்டாள். இருக்கிறார், மகளோடு கிளிநொச்சியில் என்றார் யோகன். இப்போது போன் எடுக்கலாமா என்று கேட்டாள். அங்கே மத்தியானம் கடந்திருக்கும். யோகன் வட்ஸ்அப்பில் எடுத்து, போனை அவளிடம் கொடுத்தார்.

திரையில் நரைத்த தலையும் ஒரு சுவரும் தெரிந்தன. என்ன பெருநாள் இன்றைக்கு, ஏன் எடுக்கிறாய் என்றுதான் முதலில் கேட்டார். ஆரணி தன்னை இன்னாரென்று சொன்னாள். சுகம் விசாரித்தாள். பிறகு நேரடியாகவே கேட்டாள்.

“மாமி, அண்டைக்கு நீங்கள் ஏன் உள்ளுக்குப் போனனீங்கள்? பயமில்லையோ?”

“பயமில்லாமலோ பிள்ளை. அவன் கத்திக்கொண்டு கிடந்தான். எவ்வளவு நேரந்தான் கேட்டுக்கொண்டு நிக்கிறது?”

அதற்கு மேல் அந்த விஷயத்தில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. தன் முழங்கால் வலியைச் சொன்னார். மழை பிந்திப்போனதைச் சொன்னார். திடீரென்று திரைக்குக் கிட்ட வந்து உற்றுப் பார்த்தார்.

“பின்னால என்ன துணி ஆடுது? எங்க நிக்கிறியள்?”

“கூடாரத்தில, மாமி.”

“கூடாரத்திலயோ? ஏன், வீட்டுக்கு என்ன நடந்தது?”

வீடு இருக்கிறது, இது விடுமுறைக்கு, இங்கே எல்லோரும் இப்படி வந்து தங்குவார்கள் என்று ஆரணி தடுமாறித் தடுமாறித் தமிழில் விளக்கினாள். கடைசி யுத்தத்துக்குப் பிறகு மழையிலும் வெயிலிலும் முகாம் கூடாரத்தில் கிடந்த மனுஷிக்கு அது எப்படி ஏறும்?

“காசு குடுத்தோ படுக்கிறியள்?”

“ஓம் மாமி. ஆனா அப்பாவின்ர காலுக்காகக் கொஞ்சம் குறைச்சவை.”

இடுப்புக்கு என்று நான் திருத்தவில்லை. சின்னமணி அக்காவின் முகம் திரையில் அசையவில்லை. படம் உறைந்துபோய்விட்டதோ என்று ஆரணி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உறையவில்லை. அவர் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப நான் இழுத்துக்கொண்டு வந்தது வீண் போகேல்லை,” என்றார்.